முப்பத்தேழாம் லாட்

ஜூன் 9, திங்கள்

டாக்டரம்மா சொன்னதுக்காக எழுதறேன். இல்லன்னா நாப்பத்தஞ்சு வயசுல டைரி எழுதற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது.

சனிக்கிழமை கம்பெனியில மருத்துவ முகாம் போட்டாங்க. எல்லாரும் வரிசையில நின்னாங்க, நானும் நின்னேன். டாக்டரம்மா சின்னப் பொண்ணு. என் கண் இமையைக் கீழ இழுத்துப் பார்த்துட்டு, "என்னம்மா இப்படி வெளுத்துக் கிடக்கு?"ன்னு கேட்டாங்க. எங்க களிமண் தொழில்ல வெளுப்பா இருந்தாத்தான் முதல் தரம்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்கல. விரல்ல குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தா, ஆறு புள்ளி ரெண்டு. பன்னெண்டு இருக்கணுமாம்.

மாசத்துல எத்தனை நாள் ரத்தம் போகுதுன்னு கேட்டாங்க. ஞாபகம் இல்லன்னேன். "ஒரு நோட்டுல தேதி போட்டுக் குறிச்சு வைங்க. இந்த வாரமே விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும். கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. அட்மிஷன் சீட்டுல உடன் வந்தவர் பேரு எழுதணும்"னாங்க.

சரி சரின்னு தலையாட்டிட்டு இரும்பு மாத்திரையை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

கூட ஒருத்தராம். யாரைன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

இன்னிக்கு ஆறாம் நாள்.

ஜூன் 10, செவ்வாய்

ஏழாம் நாள். மாத்திரை போட்டா வயித்தைப் புரட்டுது. போடல.

ஜூன் 12, வியாழன்

முப்பத்தேழாம் லாட் மண்ணு இன்னிக்கு லாரியில கிளம்பிச்சு. பீங்கான் தட்டு செய்யற கம்பெனிக்கு. பதினெட்டு வருஷமா இந்த லாப்ல உக்காந்திருக்கேன், இப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததில்ல. பள்ளத்துல புதுசா ஆழமா வெட்டின அடுக்குலேர்ந்து வந்தது. அந்த ஒரு லாட்தான். அதுக்குள்ள அந்த இடத்துல தண்ணி ஊறி ரொம்பிடுச்சு, மறுபடி பழைய பள்ளத்துக்கே போயிட்டாங்க. பழைய பள்ளத்து மண்ணு சுட்டா லேசா சந்தன நிறம் காட்டும். இது அப்படியே பால்.

இரும்பு 0.38ன்னு ரிப்போர்ட் எழுதினேன். வெள்ளைக் களிமண்ணுக்கு இரும்புதான் சனியன். அது ஏறினா சுடும்போது தட்டு பழுப்படிச்சிடும். அதை எடுக்கறதுக்குன்னே மண்ணைக் கரைச்சு, மணலை ஒதுக்கி, காந்தத்துல ஓட விட்டு, தொட்டியில தெளிய வச்சு, பிழிஞ்சு, களத்துல காயப்போடறோம். இம்புட்டுப் பேரு சேர்ந்து இரும்பை வெளிய எடுக்கறோம். அங்க ஒரு பொண்ணு எனக்கு இரும்பு மாத்திரை எழுதிக் குடுக்குது.

ஒவ்வொரு லாட்லயும் கால் கிலோ பாக்கெட் ரெண்டு போடுவேன். ஒண்ணு லாரியோட போகும். இன்னொண்ணு சீல் வச்சு என் அலமாரியில ஆறு மாசம் இருக்கும். பின்னால சண்டைன்னு வந்தா, ரெண்டு தரப்பும் எதிர்ல இருக்க அதைப் பிரிச்சு உலையில சுட்டுப் பார்ப்போம். அதுதான் சாட்சி.

பல்லுல கடிச்சும் பார்த்தேன். இந்தத் தொழில்ல எல்லாரும் செய்யறதுதான். நாக்குல வச்சா கப்புனு ஒட்டணும், கடிச்சா நறநறன்னு மணல் தட்டக் கூடாது. முப்பத்தேழு வெண்ணெய். முதல் மழையில மண்ணு கிளப்புமே ஒரு வாசனை, அது வாயெல்லாம் இருந்துச்சு.

ஜூன் 15, ஞாயிறு

சுகுணா அக்கா கோயம்புத்தூர்லேர்ந்து போன் பண்ணா. நாப்பது நிமிஷம் மருமகள் புராணம். அந்தப் பொண்ணு இட்லி மாவுல வெந்தயம் போடாதது ஒரு குத்தமாம். கடைசியில, "நீ நல்லாத்தானே இருக்கே அரசி?"ன்னு கேட்டா. கேள்வியிலயே பதிலை வச்சுத்தான் கேட்பா. நல்லாருக்கேன்க்கான்னேன். குக்கர் விசில் அடிக்குதுன்னு வச்சுட்டா.

அவளைக் கூப்பிட்டா வருவாளா? வருவா. வந்துட்டுப் பத்து வருஷம் சொல்லிக் காட்டுவா. வீட்டுக்காரர் என்னை விட்டுட்டு ஓசூர்ல குடும்பம் வச்சப்போ ஒரு வாரம் வந்திருந்தா. அந்த ஒரு வாரத்துக்கு இன்னும் வட்டி கட்டிக்கிட்டிருக்கேன்.

நேத்து நின்னுச்சு. பதினோரு நாள்.

ஜூன் 17, செவ்வாய்

முப்பத்தேழை மறுபடி ஒரு தடவை சோதிச்சுப் பார்த்தேன். ஒரு சிட்டிகைதான்.

ஜூன் 20, வெள்ளி

மாடிப்படி ஏறி வீட்டுக் கதவைத் தொறக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. பதினெட்டுப் படிதான். ஒம்பதாவது படியில உக்காந்தேன். கீழ் வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கிட்டு, "என்ன, காத்து வாங்கறீங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

இன்னிக்கும் சோதனை.

ஜூன் 26, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிஜமாத்தான். பஸ் ஏறி, இறங்கி, சீட்டுக் குடுக்கற ஜன்னல் வரைக்கும் போனேன். முன்னால நின்ன அம்மாவை, "கூட யாரு வந்திருக்காங்க?"ன்னு கேட்டாங்க. அந்தம்மாவுக்குப் பின்னாலேர்ந்து புருஷன், மவன், மருமவன்னு மூணு கை தூக்கிச்சு. என் முறை வந்தப்போ குடையை பஸ்ல விட்டுட்டு வந்த மாதிரி பாவனை பண்ணிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். குடை கையிலதான் இருந்துச்சு.

மத்தியானம் வேலைக்கு வந்துட்டேன். அரை நாள் லீவுதான் போச்சு.

மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. முதல் நாள்.

ஜூலை 1, செவ்வாய்

ஆறாம் நாள். தலை சுத்துது. லாப்ல நாற்காலியை விட்டு எழுந்திருக்காம வேலை பார்த்தேன்.

கல்லூரியில படிச்சது இன்னிக்கு நெனப்பு வந்துச்சு. கருங்கல்லுல ஒரு வகைப் படிகம் இருக்கு. மழைத்தண்ணி இறங்கி இறங்கி, கோடிக்கணக்கான வருஷத்துல அது இத்துப்போய் இந்த மண்ணாவுது. கல்லுல இருந்த உப்பெல்லாம் தண்ணியோட போயிடும். மிஞ்சறது அலுமினியம், சிலிக்கா, உள்ளுக்குள்ள பூட்டி வச்ச தண்ணி. களத்துல காஞ்சு வெடிச்சுக் கிடக்கிற கட்டியை ஆயிரம் டிகிரியில சுட்டுப் பாருங்க, நூத்துக்குப் பதினாலு பங்கு எடை குறையும். அம்புட்டும் தண்ணி. பார்த்தா தெரியாது. முப்பத்தேழுல 13.9, பழைய பள்ளத்துல 12.6. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, ஏமாத்த முடியாது.

இந்த மண்ணுல தட்டு செய்றான், கக்கூஸ் பேசின் செய்றான், காகிதத்துக்குப் பளபளப்பு ஏத்தறான், பவுடர்ல போடறான், மாத்திரையிலயும் போடறான். மாத்திரையில போட்டா வயித்துக்குத்தானே போகுது? அப்புறம் என்ன.

ஜூலை 4, வெள்ளி

அலமாரியில எலி நடமாட்டம். மாதிரிப் பாக்கெட்டுல ஒண்ணு ரெண்டு பிரிஞ்சிருக்கு. நடனசபை சார்கிட்ட எலிப்பொறி கேட்டு எழுதிக் குடுத்தேன். அவர்தான் மேனேஜர். "களிமண்ணைத் தின்ற எலியா? இதென்ன ஊருக்கு இல்லாத எலி?"ன்னு சிரிச்சார்.

சாயங்காலம் கன்னியம்மா கட்டி எண்ணிக்கைச் சீட்டோட வந்தா. களத்துல மண் கட்டி அடுக்கிக் காயப்போடறவ. நாப்பது வயசு இருக்கும். அலமாரியைப் பார்த்துட்டு, "எந்த ஊரு எலி மேடம் பாக்கெட்டைத் தின்னுட்டு ரப்பர் பேண்டைப் போட்டு மூடி வைக்குது?"ன்னா.

போய் உன் வேலையைப் பாருன்னேன். குரல் பெருசா வந்துடுச்சு. அவ வெத்தலைச் சுருக்குப் பையை இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிட்டா. பாவம், அவளைத் திட்டியிருக்க வேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

பதிமூணாம் நாள்.

முப்பத்தேழு பாக்கெட் தீந்துபோச்சு.

ஜூலை 11, வெள்ளி

எழுதக் கை வரல. எழுதறேன்.

தட்டு கம்பெனிக்காரன் கடிதம் போட்டிருக்கான். முப்பத்தேழாம் லாட்ல செஞ்ச தட்டெல்லாம் மஞ்சளடிச்சுப் புள்ளி புள்ளியா வந்துடுச்சாம். மண்ணுல இரும்பாம். நடனசபை சார் என்னைக் கூப்பிடவே இல்ல, நேரா தொட்டிக்குப் போயிட்டார். அந்த வாரம் கரைசல் தொட்டியும் காந்தமும் ஏழுமலை அண்ணன் பொறுப்பு. போன வருஷம் ஒரு நாள் குடிச்சுட்டு வந்ததுக்கு ஏற்கனவே ஒரு மெமோ வாங்கினவர். இன்னொரு தப்புன்னா வீட்டுக்குத்தான். ரிட்டயராக இன்னும் பதினாலு மாசம்.

"காந்தத்தைப் போட மறந்துட்டு எங்கய்யா படுத்துக் கெடந்தே?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டார். அண்ணன், "போட்டேன் சார், எங்கம்மா சத்தியமா போட்டேன்"ன்னார். அப்புறம் லாபுக்கு வந்து வாசல்லயே நின்னார். உள்ள வர மாட்டார், காலெல்லாம் சேறுன்னு.

"மேடம், உங்ககிட்ட பாக்கெட் இருக்குல்ல. அது போதும் எனக்கு. புதன்கிழமை அந்தக் கம்பெனி ஆள் வர்றாராம். பிரிச்சுச் சுட்டுக் காட்டுங்க, வெள்ளையா வரும். நான் பயப்படல"ன்னார்.

தலையை ஆட்டினேன். பாவி, தலையை ஆட்டினேன்.

ஜூலை 12, சனி

எலின்னு சொல்லிடலாம். எழுத்துல இருக்கு, ஜூலை 4 தேதி போட்டு. யாரும் என்னைக் கேட்க மாட்டாங்க.

ஆனா என் ரிப்போர்ட் மட்டும் பத்தாது, மாதிரி இல்லன்னா தப்பு நம்ம பேர்லன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. நம்ம பேர்லன்னா ஏழுமலை அண்ணன் பேர்ல.

முப்பத்தாறையோ முப்பத்தெட்டையோ எடுத்து முப்பத்தேழுன்னு சீட்டு ஒட்டலாம்னும் நெனச்சேன். ஒட்டியும் பார்த்தேன். அது பழைய பள்ளத்து மண்ணு. சந்தன நிறத்துலதான் வரும். அவரை என் கையாலயே தூக்குல போட்ட மாதிரி ஆகும். கிழிச்சுப் போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

அக்கா போன். மருமகள் இப்ப வெந்தயம் போடறாளாம், ஆனா ஜாஸ்தி போடறாளாம்.

"அக்கா, நான் மண்ணு திங்கறேன்"னு சொன்னேன்.

"என்னது? சரியாக் கேக்கல. இங்க மிக்ஸி ஓடுது."

ஒண்ணுமில்லக்கான்னேன்.

பதினெட்டாம் நாள். நிக்கல. பயமா இருக்கு. இந்த வீட்டுல விழுந்து கெடந்தா எத்தனை நாள் கழிச்சுக் கதவை உடைப்பாங்கன்னு கணக்குப் போட்டேன். வேலைக்கு வரலன்னா ரெண்டாம் நாள் நடனசபை சார் போன் பண்ணுவார். மூணாம் நாள் ஆள் அனுப்புவார். அப்ப மூணு நாள்.

ஜூலை 16, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

பத்து மணிக்குத் தட்டு கம்பெனி ஆள் வந்தான். சின்னப் பையன், இஸ்திரி போட்ட சட்டை, கையில ஃபைல். நடனசபை சார், ஏழுமலை அண்ணன் எல்லாரும் லாப்ல. அண்ணன் இன்னிக்குக் காலைக் கழுவிட்டு உள்ள வந்திருந்தார். கன்னியம்மா உலைக்குப் பக்கத்துல தரை பெருக்கிக்கிட்டிருந்தா.

"அந்தப் பாக்கெட்டை எடுங்க மேடம்"ன்னார் சார்.

இல்லன்னேன்.

"எலியா?"ன்னார். அவரே எடுத்துக் குடுக்கறார் பொய்யை. வாங்கிக்கிட்டா முடிஞ்சுபோச்சு. ஏழுமலை அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அப்பவும் அந்த மனுஷன் என்னை நம்பிக்கிட்டுத்தான் நிக்கறார்.

"எலி இல்ல சார். நான்தான் தின்னுட்டேன்."

அந்தப் பையன் சிரிச்சான். சார் சிரிக்க வாயைத் திறந்தார், என்னைப் பார்த்துட்டு மூடிக்கிட்டார்.

"கால் கிலோவும் தின்னேன். இருபத்தேழு நாள். ஒரு மணல் நறுக்குன்னு கடிபடல, துரு வாடை துளி கிடையாது. இரும்பு இருந்தா நாக்குக்குத் தெரியும், பதினெட்டு வருஷமா இந்த நாக்கை வச்சுத்தான் இங்க சம்பளம் வாங்கறேன். ஏழுமலை அண்ணன் மேல தப்பில்ல. சாட்சியை அழிச்சது நான். எழுதறதுன்னா என் பேர்ல எழுதுங்க."

என் குரல் எனக்கே வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. மேஜையைப் பிடிச்சுக்கிட்டேன். அசிங்கமா இருந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ஒரே ஒரு நல்லது, சொல்லி முடிச்சாச்சு.

"நீங்க தின்னது எனக்கு ஆதாரம் ஆகாது மேடம்"ன்னான் அந்தப் பையன். அவன் சொன்னதும் நியாயந்தான்.

அப்பத்தான் பெருக்கற சத்தம் நின்னுச்சு. கன்னியம்மா துடைப்பத்தைச் சுவத்துல சாத்திட்டு வந்தா. இடுப்புலேர்ந்து சுருக்குப் பையை எடுத்து மேஜை மேல கவுத்தா. காஞ்ச வெத்தலை, பாக்கு, அதோட எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளைக் கட்டி ஒண்ணு. ஒரு பக்கம் பல்லு பட்ட தடம்.

"முப்பத்தேழுதான் சார். களத்துல நான்தான அடுக்கினேன். ரொம்ப நல்லா இருந்துச்சு, அதான் ரெண்டு கட்டி எடுத்து வச்சிக்கினேன். ஒண்ணு ஆயிப்போச்சு."

"நீயுமா?"ன்னார் நடனசபை சார். நாற்காலியில உக்காந்துட்டார்.

"மூணாவது புள்ள வயித்துல இருக்கச்சே ஆரம்பிச்சது சார். புள்ளைக்குப் பதினாறு வயசாவுது. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது."

சொல்லும்போது அவ என்னைப் பார்க்கல, கட்டியைத்தான் பார்த்தா.

இது முப்பத்தேழுதான்னு என்ன நிச்சயம்னு கேட்டான் பையன். உங்க ஃபைலைப் பிரிங்க தம்பின்னேன். மண்ணு வந்து இறங்கின அன்னிக்கு அவங்க லாப்லயும் சுட்டு எடைக் குறைவு பார்த்திருப்பாங்க. பார்த்திருந்தாங்க. 13.9. இந்த ஊர்ல வேற எந்தப் பள்ளத்துக்கும் அந்தக் கணக்கு வராது. பல்லு பட்ட பக்கத்தைச் சீவிட்டு, மிச்சத்துல ஒரு துண்டை எடை போட்டு உலையில வச்சேன். எல்லாரும் உக்காந்திருந்தோம். ஏழுமலை அண்ணன் மட்டும் உலைக் கதவையே பார்த்துக்கிட்டிருந்தார்.

ஆறவச்சு எடை பார்த்தோம். 13.9. அடுத்து அதே கட்டியில ஒரு வில்லை பண்ணி, தட்டு சுடற சூட்டுக்கு ஏத்திச் சுட்டு எடுத்தோம். மூணு மணி ஆச்சு. கிடுக்கியில பிடிச்சு வெள்ளைக் காகிதத்துல வச்சேன். காகிதம்தான் அழுக்காத் தெரிஞ்சுது.

பையன் நல்ல பையன்தான். ரெண்டு தடவை திருப்பிப் பார்த்துட்டு, "மண்ணுல தப்பில்ல, எங்க சூளையையோ மேல் பூச்சையோதான் பார்க்கணும்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஏழுமலை அண்ணன் என்னைக் கும்பிட்டார். கும்பிடாதீங்க, அடிங்கன்னேன். கன்னியம்மா மீதிக் கட்டியை எடுக்கக் கையை நீட்டினா. நானும் நீட்டினேன். சார் முந்திக்கிட்டு எடுத்து டிராயர்ல போட்டுப் பூட்டிட்டார்.

ஜூலை 17, வியாழன்

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தாச்சு. மாதிரிப் பொருளைச் சேதப்படுத்தியது, பொய்யாக எலிப்பொறி கோரியது. பதினஞ்சு நாள் வேலைக்கு வர வேண்டாம், அப்புறம் முடிவு சொல்வாங்களாம். குடுக்கும்போது, "முதல்ல உடம்பைப் பாருங்கம்மா"ன்னார் சார். இதுவரைக்கும் மேடம்னுதான் கூப்பிடுவார்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். மூணு நாள் கணக்கு இப்ப பதினஞ்சு நாள் ஆயிடுச்சுன்னு தோணிச்சு.

இருபத்திரெண்டாம் நாள்.

ஜூலை 19, சனி

காலையில கதவு தட்டற சத்தம். எழுந்து போறதுக்குள்ள கண்ணு இருட்டிச்சு. கன்னியம்மா. நல்ல புடவை, தலையில கனகாம்பரம், கையில தூக்கு.

"கஞ்சி குடிச்சுட்டுப் பொறப்படுங்க. ஆசுபத்திரிக்கு."

"உனக்கு இன்னிக்கு வேலை இல்லையா?"

"லீவு சொல்லிட்டேன். படியில உங்களை நான் பார்த்தேன் மேடம், ஒம்பதாவது படியில உக்காந்திருந்தீங்க. ரோட்டுல போய்க்கினு இருந்தேன். வரலாம்னு நெனச்சேன். மேடம் திட்டுவீங்களோன்னு பயந்துக்கினு போயிட்டேன்."

திட்டித்தான் இருப்பேன்.

பஸ்ல ஜன்னல் ஓரம் எனக்குக் குடுத்தா. வழியில மனசை அடக்க முடியாம, உன்கிட்ட இன்னும் இருக்கான்னு கேட்டேன். "பழைய பள்ளத்து மண்ணு ஒரு துண்டு வீட்டுல இருந்துச்சு. நேத்து கெணத்துல போட்டேன்"னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "ராவெல்லாம் கெணத்தையே நெனச்சிக்கினு இருந்தேன்"னா. ரெண்டு பேரும் சிரிச்சோம். எனக்கு மூச்சு வாங்கிச்சு, அவ முதுகைத் தடவினா.

அதே ஜன்னல். "கூட யாரு?"ன்னு கேட்டாங்க. கன்னியம்மா கையைத் தூக்கினா. பேரு எழுதினாங்க. என்ன உறவுன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "தங்கச்சி"ன்னு சொல்லிட்டு என்னைப் பார்த்து முழிச்சா. எழுதிக்குங்கன்னேன்.

என் ரத்தக் கணக்கு நாலு புள்ளி ஒம்பது. எந்தத் தேதியிலேர்ந்து போகுதுன்னு டாக்டர் கேட்டப்போ இந்த நோட்டையே குடுத்தேன். புரட்டிக்கிட்டே வந்தவர் ஒரு இடத்துல நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். மண்ணு திங்கறது ரத்தம் இல்லாததாலன்னார், தின்னத் தின்ன இருக்கிற இரும்பும் உடம்புல ஒட்டாதுன்னார். இருபத்திநாலு நாளா நிக்காததுக்கு வயித்துல ஒரு கட்டி இருக்காம், ஸ்கேன்ல தெரியுது. பயப்பட ஒண்ணுமில்ல, ரத்தம் ஏத்தி உடம்பு தேறினதும் எடுத்துடலாம்னார்.

ஊசி குத்த வந்த சிஸ்டர் கன்னியம்மாவை உத்துப் பார்த்தாங்க. கிட்ட வரச் சொல்லி அவ கண் இமையைக் கீழ இழுத்தாங்க. "நீயாம்மா இவங்களுக்குத் துணைக்கு வந்திருக்கே? முதல்ல உக்காரு"ன்னு விரல்ல குத்தினாங்க. ஆறு புள்ளி எட்டு.

அவளுக்கும் ஒரு சீட்டு எழுதினாங்க. அடுத்த படுக்கை. அவளுக்கு ரத்தம் வேண்டாமாம், இரும்பு மருந்து பாட்டில்ல ஏறுது. எம்மாம் பெரிய ஊசின்னு கத்தி வார்டையே எழுப்பிட்டா. இப்ப வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறா. கனகாம்பரம் தலகாணியில நசுங்கிக் கிடக்கு. இடது கையில ஊசி இருக்கறதால நான் நோட்டை மடியில வச்சுக் கோணல் மாணலா எழுதறேன்.

"இவங்க கூட யாரு வந்திருக்கா?"ன்னு சிஸ்டர் அவ சீட்டை வச்சுக்கிட்டுக் கேட்டாங்க.

நான் படுத்தபடியே கையைத் தூக்கினேன். பேரு கேட்டாங்க. மங்கையர்க்கரசின்னேன். உறவு கேட்டாங்க. அக்கான்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.